துளசிமணி கடைக்குப் போன கதை

அவனத் திட்டாதீங்கண்ணா. கண்டக்டரு திட்டறாரு, வாந்தி எடுத்தா பஸ்ஸக் கழுவறது அவருதான, திட்டட்டும். நீங்க திட்டாதீங்க. இதே பஸ்ஸுல, இதே கடேசி சீட்டுல நானும் குடிச்சுப்போட்டு அப்படித்தானுங்க வாயத் தொறந்துக்கிட்டுக் கெடப்பேன். எங்க மச்சான் ஊருல எறங்கறதுக்குப் பதிலா அந்தியூர் வரைக்கும் போயி, அப்படியே திரும்பித் திருப்பூருக்கே வந்து எறங்குன நாளெல்லாம் உண்டு. நம்ப முடியலீங்களா? சட்டையப் பாத்தா அப்படித் தெரியாதுங்க. ஊட்டுக்காரி ஊருல இல்ல, நானே தேச்சுப் போட்டுக்கிட்டு வந்தேன்.

இப்பத் தொடறதில்லீங்க. வருசத்துக்கு மேல ஆச்சு. மாத்திர மருந்தெல்லாம் இல்ல. அதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குதுங்க, நம்மள மாதிரி ஆளுக வாரா வாரம் கூடிப் பேசறது. காசு கீசு வாங்க மாட்டாங்க. சாமி கும்புடச் சொல்லுவாங்களான்னா, உங்க இஷ்டம்னு உட்டுருவாங்க.

யாருக்குக் கேக்கறீங்க? உங்க மச்சானுக்கா? அடப்பாவமே. வயசென்ன, நாப்பதா? அப்பச் சரியான வயசுதான், இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா பொழச்சுக்குவாரு. நெம்பரு தர்றேன். அதுக்கு முன்னாடி அது எப்படி இருக்கும்னு சொல்லிப்போடறேன். இல்லீன்னா அவரு வர மாட்டாரு. நானே அப்படிக் கேட்டப்பறந்தான போனேன்.

அதக் கண்டுபுடிச்சதே என்ற ஊட்டுக்காரிதானுங்க. பொண்ணு கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசத்துல நான் ரத்த ரத்தமா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். அங்க மாடிப்படிகிட்ட செவுத்துல ஒரு தாளு ஒட்டியிருந்திருக்குது. ‘குடியை நிறுத்த முடியவில்லையா? நாங்களும் அப்படித்தான் இருந்தோம்’னு போட்டு, கீழ ஒரு போன் நெம்பரு. அந்தப் படியில ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு ஏறி எறங்கறான். நின்னு படிச்சவ அவதான். கையில பேனா இல்ல. என்ற மாத்திர அட்டையத் திருப்பி, சேலையில குத்தியிருந்த ஊக்க எடுத்து, அதுல நெம்பரக் கீறிக்கிட்டு வந்துட்டா.

அதோட உட்டாளா? என்னயக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அவ தனியாப் போயிப் பாத்திருக்கறா. ஞாயித்துக்கெழம பொழுதோட, சாயங்காலத்துல, ஒரு பள்ளிக்கூடத்துலதான் கூட்டம். எதுத்தாப்ல ஒரு பூக்கடையில பூ வாங்கற மாதிரி நின்னுக்கிட்டு, உள்ள போறவன் எப்படிப் போறான், வெளிய வர்றவன் எப்படி வர்றான்னு ஒண்ணே முக்கா மணி நேரம் பாத்திருக்கறா. வந்து சொல்றா, “ஏனுங்க, போனவங்க எல்லாரும் போன மாதிரியே நேரா நடந்து வந்தாங்க. ஒருத்தரு வண்டி சாவிய ஒரே வாட்டியில ஓட்டைக்குள்ள போட்டாருங்க” அப்படின்னா. எங்க ஊட்டுல அது அதிசயமுங்க. எங்க வண்டி சாவி ஓட்டையச் சுத்தி ஒரே கீறலாக் கெடக்கும்.

சரின்னு போனேன். ஒண்ணாங்கிளாஸ் ரூமு. பெஞ்சு இத்துனூண்டு ஒசரம், உக்காந்தா முட்டி தாடையில இடிக்குது. செவுத்துல ஆடு, இலை, ஈன்னு படம். இருவது முப்பது பெரிய மனுசங்க அதுல முட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறோம். ஒருத்தரு எந்திரிச்சு பேரச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ங்கறாரு. எல்லாரும் சிரிச்ச மொகமா வணக்கஞ் சொல்றாங்க. நம்மளக் குடிகாரன்னு சொன்னவங்க இருக்கறாங்க, அதுக்கு மேலயும் சொன்னவங்க இருக்கறாங்க. நோயாளின்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க. எனக்கு அன்னிக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அங்க ஒரு கட்டுப்பாடு இருக்குது. இங்க கேட்டத இங்கயே உட்டுட்டுப் போகணும், யாரு வந்தாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது. அதுல ஒரு சுத்தம் பாருங்க, இத்தன வருசத்துல ஒருத்தன் பேரு வெளிய போனதில்ல. அதனால உங்க மச்சான் பயப்படவே வேண்டாம்.

ஆனா பேசணும். அதுதான் மருந்து. நாம என்னென்ன பண்ணுனோம்னு எந்திரிச்சு நின்னு சொல்லணும். நான் ஏழு வாரம் சும்மா உக்காந்துக்கிட்டு டீயக் குடிச்சுப்போட்டு வந்தேன். எனக்கு என்ன இருக்குது சொல்றதுக்கு? நான் யாரையும் வெட்டல, ஜெயிலுக்குப் போகல. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு, சம்பளத்தக் குடிச்சேன், கை நடுங்க ஆரம்பிச்சப்பறம் துணி மேல கத்தரி நிக்கல, கீழ மடிக்கிற வேலைக்கு அனுப்புனாங்க. எல்லாரு கதையும் அதுதான். எட்டாவது வாரம் எங்க சபாபதி அண்ணன் இருக்கறாரே, கரண்டு ஆபீசுல இருந்து ரிட்டையரு ஆனவரு, அவருதான் எனக்கு வழிகாட்டி மாதிரி, அவரு சொன்னாரு, “நாச்சிமுத்து, உங்க மனசுல எது ஆறாம இருக்குதோ அதச் சொல்லுங்க”ன்னாரு.

அப்ப வந்துச்சுங்க அது. துளசிமணி கடைக்குப் போன கதை. துளசிமணின்னா என்ற ஊட்டுக்காரி.

கேளுங்க, இது உங்க மச்சானுக்கும் ஒதவும். எம்பொண்ணு பிருந்தாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. மத்தியானம் மூணு மணிக்கு ஒறம்பரை வர்றாங்க, மாப்ள வகையறா சொட்டுத் தொடாத ஆளுக. “பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கம் உண்டுங்களா”ன்னு தரகரு மூலமாக் கேட்டுவுட்டாங்க, இவ “அதெல்லாம் இல்லீங்க”ன்னு சொல்லி வெச்சிருக்கறா. நானும் மொத நாளு பொழுதோட இருந்து தொடல. தொடாம நல்லவனாப் படுத்தேன். காலையில எந்திரிச்சா கை இப்படி ஆடுதுங்க. டம்ளரப் புடிச்சா தண்ணி சட்டை மேல. ஒடம்பெல்லாம் வேர்வை. தாம்பூலத் தட்ட அப்பன்தான நீட்டணும்? வெத்தல பாக்கு தேங்காயோட தட்டு என்ற கையில டம்மாரம் அடிக்கும். எந்திரிச்சு நடக்க முடியல, நான் எங்க போயி வாங்கறது? “ஒரே ஒரு மொடக்கு இருந்தா நின்னுருமுடி”ன்னு அழுதேன். ஆமாங்க, அழுதேன்.

அவ மூடி போட்ட தூக்குப்போசி ஒண்ண எடுத்துக்கிட்டா, பூ வாங்கிட்டு வர்றேன்னு பொண்ணுகிட்டச் சொன்னா, பஸ்ஸேறிப் பெருமாநல்லூருக்குப் போயிட்டா. எங்க வீதிக்குப் பக்கத்துலயே பிராந்திக் கடை இருக்குது, ஆனா தெரிஞ்சவங்க பாத்துருவாங்களே. அங்க கடை தொறக்கறதே பன்னெண்டு மணிக்கு. இவ பதினொன்னரைக்கே போயி ஆம்பளைங்க வரிசையில நின்னிருக்கறா. முந்தானையத் தலையோட போத்திக்கிட்டு. முன்னாடி நாப்பது பேரு, பின்னாடி நாப்பது பேரு. அவ நிக்கறதப் பாத்து ஒவ்வொருத்தனா லுங்கிய எறக்கி உட்டுக்கிட்டானாம். பின்னாடி நின்னவன் பீடியக் கீழ போட்டு மிதிச்சானாம்.

ஜன்னலுக்கு வந்தாச்சு. “என்ன வேணும்?”ங்கறான். இவளுக்கு என்ன தெரியும்? “அண்ணா, கை நடுக்கத்துக்கு எது நல்லதுங்க?”ன்னு கேட்டிருக்கறா. மெடிக்கல்ல கேக்கற மாதிரி. அவன் ஒரு கோட்டர எடுத்துக் குடுத்தான். வாங்குனவ போக வேண்டியதுதான? நின்னு கேக்கறா, “இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்க?”

பாத்தீங்களா, சிரிச்சிட்டீங்க. பரவால்லீங்க, எல்லாரும் அந்த எடத்துலதான் சிரிப்பாங்க.

அத அப்படியே தூக்குப்போசிக்குள்ள வெச்சு, மேல நாலு மொழம் பூவப் போட்டு மூடிக்கிட்டு ஒரு மணிக்கு வந்துட்டா. பூஜ ரூமுக் கதவச் சாத்திக்கிட்டு, இருமல் மருந்து மூடி இருக்குதே, அதுல அளந்து அளந்து என்ற வாயில ஊத்துனா. எனக்குக் கை நின்னுருச்சு. ஏலக்காய மென்னுக்கிட்டு மூணு மணிக்குத் தட்ட நீட்டுனேன், சும்மா பாறை மாதிரி. சம்மந்தி, “பொண்ணோட அப்பா ரொம்ப நிதானமான ஆளு”ன்னாராம். கல்யாணம் ஆச்சு. பொண்ணு நல்லா இருக்கறா. இன்னிக்கு வரைக்கும் பொண்ணுக்குத் தெரியாது, அந்தாளுகளுக்குத் தெரியாது, அவங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது.

அன்னிக்கு ஒறம்பரை போனப்பறம் அடுப்பங்கரையில உக்காந்துக்கிட்டு, நடந்ததையெல்லாம் எங்கிட்ட அவளே சொன்னா. சொல்லச் சொல்லச் சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. நான் அத சிரிப்புக் கதைன்னே நெனச்சிருந்தேனுங்க.

எட்டாவது வாரம் அதச் சொன்னேன். மொதல்ல ரூமே சிரிச்சுது. கடேசியில ஒருத்தரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. முடிச்சப்பறம் ஒவ்வொருத்தரா வந்து கையப் புடிச்சாங்க. “என்னமாப் பேசறீங்க”ன்னாங்க. பதினஞ்சு வருசத்துல என்னய ஒருத்தன் நல்லாப் பண்ணுனடான்னு சொன்னதில்லீங்க. எனக்கு ஜிவ்வுன்னு ஏறுச்சு. குடிக்காமயே ஏறுச்சு, பாத்துக்கோங்க.

அப்பறம் புதுசா யாரு வந்தாலும், “நாச்சிமுத்தண்ணா, அந்தக் கதையச் சொல்லுங்க”ம்பாங்க. அவினாசிக் கூட்டத்துல கூப்புட்டாங்க, போயிச் சொன்னேன். கோயமுத்தூருல வருசா வருசம் பெருசா ஒண்ணு போடுவாங்க, முன்னூறு பேரு, அங்க மைக்குல சொன்னேன். சொல்லச் சொல்ல எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல மூச்சு வாங்கணும்னு தெரிஞ்சுபோச்சு. கொஞ்சம் சேத்துக்கவும் செஞ்சேன். பீடிய மிதிச்சது நெசம். அவ மூடியில அளக்கையில, எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு சொட்டு தொட்டு நாக்குல வெச்சு மூஞ்சியச் சுளிச்சான்னு ஒண்ணு சேத்தேன். அது நெசமில்லீங்க. ஆனா அதுக்கு நல்லாச் சிரிப்பாங்க.

ஊட்டுல ஒரு நாளும் சொல்லல. அவ கேப்பா, “இன்னிக்கு என்னங்க பேசுனீங்க?” “பழசத்தான்”ம்பேன். “மனசுக்கு நல்லா இருக்குதுங்களா?”ம்பா. “இருக்குது”ம்பேன். அவளுக்கு அதுவே போதும்.

ஒரு வருசம் ஆச்சு. குடிய உட்ட நாளத்தான் அங்க பொறந்தநாளுன்னு கொண்டாடுவாங்க. கேக்கு வெட்டுவாங்க, அன்னிக்கு மட்டும் ஊட்டாளுகளக் கூட்டிட்டு வரலாம், ஊட்டுக்காரியும் ரெண்டு வார்த்த பேசணும். இவளுக்கு ஒரு வாரமாத் தூக்கம் இல்ல. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையக் கட்டுனா. “உங்கள மனுசனாக்குனவங்களுக்குக் கடையில வாங்கிக் குடுக்க முடியுங்களா?”ன்னு மாவு இடிச்சு, வெல்லம் போட்டு நாப்பது பேருக்குக் கச்சாயம் சுட்டா. சுட்டு, தூக்குப்போசியில போட்டு எடுத்துக்கிட்டு வந்தா.

எனக்கு அப்பக்கூடத் தோணலீங்க. சத்தியமாத் தோணல.

கேக்கு வெட்டியாச்சு. அவ எந்திரிச்சு தூக்குப்போசியத் தொறந்து ஒவ்வொருத்தருக்காக் கச்சாயம் குடுத்துக்கிட்டே வர்றா. போசியப் பாத்த ஒடனே ஒவ்வொருத்தரு மொகமா மலருது. அவளுக்கு ஒரே சந்தோசம், இத்தன பேரு நம்மளப் பாத்துச் சிரிக்கறாங்களேன்னு. மூணாவது பெஞ்சுல ஒரு பையன், நல்ல பையன், உட்டு மூணு மாசந்தான் ஆச்சு, கச்சாயத்தக் கையில வாங்கிக்கிட்டு, “அக்கா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?”ன்னான்.

ரூமே சிரிச்சுது. கெட்ட சிரிப்பு இல்லீங்க. பாசமாத்தான் சிரிச்சாங்க. பக்கத்துல ஒரு பெரியவரு, அவரும் பாசமாத்தான், “வெக்கப்படாதீங்க அம்மணி, இங்க எல்லாரும் நாக்குல வெச்சுப் பாத்தவங்கதான்”னாரு.

அவ அப்படியே நின்னா. கையில ஒரு கச்சாயம். அப்பறம் தலையத் தூக்கி ஒவ்வொரு மொகமாப் பாத்தா. மொத பெஞ்சு, ரெண்டாவது பெஞ்சு, செவுத்தோரம் நின்னவங்க. முப்பத்தஞ்சு மொகம். எல்லா மொகத்துலயும் அந்தக் கதை இருந்துச்சு. கடேசியா எம்மொகத்தப் பாத்தா. சபாபதி அண்ணன், “ரெண்டு வார்த்த பேசுங்கம்மா”ன்னாரு. இவ, “எல்லாரும் கச்சாயம் எடுத்துக்கோங்க”ன்னா. மிச்சத்தையும் ஒருத்தர் உடாமக் குடுத்து முடிச்சுட்டுத்தான் வந்து உக்காந்தா.

வண்டியில வரும்போது என்ற தோளப் புடிக்கல, பின்னாடி கம்பியப் புடிச்சுக்கிட்டா. ஊட்டுக்கு வந்து சேலைய மடிச்சு வெச்சுப்போட்டுக் கேட்டா, “எத்தன பேருக்குத் தெரியுங்க?” சொன்னேன். அவினாசி சொன்னேன், கோயமுத்தூரு சொன்னேன். மைக்குன்னதும் கண்ண மூடிக்கிட்டா. அடிச்சிருந்தாத் தாங்கியிருப்பேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். “ஏனுங்க, நான் எப்பங்க நாக்குல வெச்சேன்?”

நான் வண்டி சாவிய எடுத்து ஆணியில மாட்டுனேனுங்க.

அப்பறம் சொன்னா, “நீங்க குடிச்சுக்கிட்டு இருந்தப்ப அது நம்ம ரெண்டு பேத்துக்குள்ள இருந்துச்சு. தெளிஞ்சப்பறந்தான் வீதிக்கு வந்துருச்சு”ன்னா. அடுத்த நாள் காலையில பையத் தூக்கிக்கிட்டு அவங்கண்ணன் ஊருக்குப் போயிட்டா. அண்ணனுக்கும் பொண்ணுக்கும் என்ன சொல்லி வெச்சிருக்கறான்னா, அண்ணிக்கு முழங்கால் ஆபரேசன் ஆயிருக்குதே, ஒத்தாசைக்கு வந்திருக்கறேன்னு. இப்பவும் எனக்காகப் பொய்தான் சொல்லிக்கிட்டு இருக்கறா.

தப்பு என்னுதுதானுங்க. நான் இல்லைங்கல. அவளக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது. இல்லீன்னா, தூக்குப்போசி வேண்டாம், ஒரு டப்பாவுல எடுத்துட்டு வான்னாவது சொல்லியிருக்கணும். அந்தப் பையன் வாய வெச்சுக்கிட்டு இருந்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நெனச்சு நெனச்சு நெஞ்சு ஆறலீங்க. சோத்துல கைய வெச்சா அவ கண்ண மூடிக்கிட்டது வருது.

பதினெட்டு நாளு போன் எடுக்கல. அப்பறம் அவளே கூப்புட்டா. “திரும்ப யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”ன்னா. “இல்ல”ன்னேன். “கூட்டத்துக்குப் போங்க, அத நிறுத்தாதீங்க. உங்களப் பத்தி என்ன வேணாச் சொல்லுங்க. ஆனா அந்த ஒண்ணு எனக்குச் சொந்தமுங்க. அத எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க” அப்படின்னா. “வர்ற வெள்ளிக்கெழம வாங்க. எம்மூஞ்சியப் பாத்து ஒருத்தருகிட்டயும் சொல்லலன்னு சொல்லுங்க. அந்தப் பஸ்ஸு திரும்பி வர்றப்ப அதுலயே உங்ககூட வந்தர்றேன். சொல்லியிருந்தா, எறங்காமப் போயிக்கோங்க”ன்னு சொல்லி வெச்சுட்டா.

அதுக்குத்தான் இப்பப் போயிட்டு இருக்கறேன். அவ சொன்ன வார்த்தையக் காப்பாத்தறது லேசுன்னு நெனைக்காதீங்க. மூணு ஞாயித்துக்கெழம போச்சு. புதுசா வந்தவங்க என்ற மூஞ்சியவே பாக்கறாங்க. “அண்ணா, அந்தக் கதை”ங்கறாங்க. தொண்ட வரைக்கும் வரும். முழுங்கிக்குவேன். குடிய உட்டப்பக்கூட அப்படி நமநமங்கலீங்க. இருந்தாலும் வாயத் தொறக்கல. இருவத்தஞ்சு நாளா ஒரு ஈ காக்காகிட்டக்கூட நான்...

...

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

...

இல்லீங்க. நீங்க மச்சானுக்குன்னு கேட்டீங்க. கேட்டதுனாலதான சொன்னேன். உங்க பேரு எனக்குத் தெரியாது. நீங்க அந்தியூருக்குப் போறவரு, எறங்குனா மறந்துருவீங்க. யாருகிட்டச் சொல்லப் போறீங்க? சொல்ல மாட்டீங்கதான? இது கூட்டத்துல சொன்னதுல சேராதுங்க. பஸ்ஸுல ஒருத்தருகிட்டச் சொல்றதெல்லாம்...

பேரையுஞ் சொல்லிப்போட்டேன். ஊரு, பொண்ணு பேரு, எல்லாத்தையும். நாக்குல வெச்சதையுஞ் சொல்லிப்போட்டேன், அது பொய்யின்னு சொல்லிக்கிட்டே சொன்னேன். நீங்க சிரிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? நல்லா இருந்துச்சுங்க. அதுதாங்க என்ற சீக்கு.

அந்த ஆலமரந்தான் ஸ்டாப்பு. அதோ நிக்கறா பாருங்க, மஞ்சச் சேலை. கையில பையி. பையோடவே வந்து நிக்கறா, திரும்பி வந்தர்ற நெனப்புல.

சொல்லீறணும். எறங்கி மொத வார்த்தையா அதத்தான் சொல்லணும். இப்பவே சொல்லிப்போட்டேன், இன்னிக்குத்தான் சொன்னேன், பஸ்ஸுலன்னு. இல்ல எறங்காமப் போயிறணும். ஒண்ணும் ஓட மாட்டேங்குதுங்க.

அண்ணா, ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நீங்க ஜன்னலோரம் உக்காந்திருக்கறீங்க. அவ ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றா. நான் சொல்ற வரைக்கும் அவ எம்மூஞ்சியில எதையும் கண்டுபுடிக்க மாட்டா, நான் பதினஞ்சு வருசம் பொய் சொன்ன மூஞ்சி. உங்க மூஞ்சியப் பாத்தா ஒடனே தெரிஞ்சுக்குவா. அன்னிக்கு முப்பத்தஞ்சு மூஞ்சியில அதைத்தான் பாத்தா. சிரிக்காதீங்க. அய்யோ பாவம்னும் பாக்காதீங்க, அது அதைவிட மோசம்.

அவ கிட்ட வந்துட்டா. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.